கருப்புசாமி கிணறு

கஸ்பாருக்கு முப்பத்தொரு கிணறுகளைத் தெரியும். மனிதர்களை எண்ணச் சொன்னால் அத்தனை தேறாது. இருபத்தேழு வருடமாக, வருடத்துக்கு இரண்டு தடவை, தை பிறந்ததும் ஒன்று, அக்னி வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒன்று என்று திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கிற அந்த முப்பத்தொன்றுக்கும் போய், ஆழம் அளந்து, இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்து, கேனில் சீட்டு ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. எந்தக் கிணற்றில் உர உப்பு இறங்கியிருக்கிறது, எதில் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு ஊறியிருக்கிறது, எது தேறும், எது தேறாது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். அரசாங்கம் இதற்கு நீண்டகாலக் கண்காணிப்பு என்று பெயர் வைத்திருந்தது. கிணத்துக்கு நாடி பிடிக்கிற உத்தியோகம் என்பார் அவர் மனைவி செபஸ்தியம்மாள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

மகள் ரூபி மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா வைக்கிறேன். வாரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. மற்ற ஆறு நாளும் காலையில் ஒரு சோறு பொங்கி அதையே மூன்று வேளையும் சாப்பிட்டு, டிவியில் யாரோ யாரிடமோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்துவிடுவார். தனியாக இருக்கிறவனுக்குத் தன் வீடே சத்திரம் மாதிரிதான். அதனால் கிணறு சுற்றக் கிளம்பும் மாதங்கள் அவருக்குத் திருவிழா. போகிற இடத்தில் யாராவது, வாங்க சார், ஆறு மாசம் ஓடிப்போச்சா, என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே வண்டியை மிதிக்கலாம்.

ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் உண்டு. போகிற ஊரில் சோறு போட்டால் சாப்பிடுவார், தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுபோன பிளாஸ்க்கைத் திறந்து அதில்தான் குடிப்பார். பிணம் அறுக்கிறவர் கறி தின்ன யோசிப்பதில்லையா, அது போலத் தொழிலில் ஒட்டிக்கொண்ட புத்தி. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை என்று நினைத்திருந்தார்.

முப்பத்தொன்றில் பதினேழாம் நம்பர்தான் அவருக்குப் பிடித்த கிணறு. பேகம்பூரைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் சமவெளியில், வேலாங்களம் என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. பதிவேட்டில் கிணறுகளை நம்பரோடு உடையவர் பெயரையும் போட்டு எழுதுவது வழக்கம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர். பதினேழுக்கு நேராகக் கருப்புசாமி கிணறு என்று இருக்கும். கருப்புசாமி செத்துப் பத்து வருடம் ஆகிறது. அவர் மனைவி ஒச்சம்மாள் மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். பிள்ளை கிடையாது. நிலம் உப்புப் பூத்துத் தரிசாகிவிட்டதால், காலையில் அடுத்த ஊர் மல்லிகைக் காட்டுக்குப் பூவெடுக்கப் போய் மத்தியானம் திரும்புகிறவர்.

அந்தக் கிணறு ஒரு அதிசயம். வேலாங்களத்தில் மற்ற கிணறெல்லாம் வாயில் வைக்க முடியாமல் நாறிக் கிடக்கும்போது, பதினேழு மட்டும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் சட்டென்று தேறி, அன்றிலிருந்து இளநீர் போல அளவு காட்டுகிறது. ஊற்றுக்கண் மாறியிருக்கலாம் என்று கஸ்பார்தான் முதலில் குறிப்பு எழுதினார். பெரிய படிப்புப் படித்தவர்கள் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, மண் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று மதுரையில் ஒரு கருத்தரங்கில் கட்டுரையே வாசித்தார்கள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் கஸ்பார் பெயரும் அச்சில் வந்தது. அந்தப் பக்கத்தை வெட்டிச் செபஸ்தியம்மாள் பைபிளுக்குள் வைத்திருந்தார். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

இந்த மே மாதத்தோடு கஸ்பாருக்கு ஓய்வு. முப்பது கிணறு முடிந்து பதினேழு மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை வருவதாக ஒச்சம்மாளுக்குப் போனில் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ஜினியர் சிவபிரகாஷ் கூப்பிட்டார். நல்ல பையன், முப்பது வயசுகூட இராது, ஆனால் பைலைப் பார்த்தால் ஊரைப் பார்த்ததாக நினைக்கிற சாதி. வேலாங்களத்துக்கு இருப்பது அந்த ஒரு கண்காணிப்புக் கிணறுதான், அது ஒன்பது வருடமாகச் சுத்தம், இந்தத் தடவையும் சுத்தமாக வந்தால் கெட்ட ஊர்ப் பட்டியலிலிருந்து வேலாங்களத்தை எடுத்துவிடலாம், புதன்கிழமைக்குள் அளவு வேண்டும் என்றார். பட்டியலில் இருக்கிற ஊருக்குத்தான் வாரம் இரண்டு தடவை தண்ணீர் லாரி போகும். எடுத்துவிட்டால் லாரி நிற்கும். ஊரே குடிக்க ஒரு நல்ல கிணறு இருக்கும்போது லாரி எதற்கு என்று கஸ்பாரும் நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை, சந்தோஷப்பட்டார். இருபத்தேழு வருடம் கெட்ட சேதியே சுமந்த மனிதருக்குப் போகிற காலத்தில் ஒரு நல்ல சேதி. புதன்கிழமை காலை அரைக் கிலோ காராச்சேவு வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒச்சம்மாள் வீடு பூட்டியிருந்தது. பூவெடுத்துவிட்டு வர இன்னும் இரண்டு மணி நேரமாகும். வாசலில் பந்தலுக்கு அடியில் லாரித் தண்ணீர் பிடித்த எட்டுக் குடங்கள் தட்டுப்போட்டு மூடி வரிசையாக இருந்தன. ஒரு வீட்டுக்கு எட்டுக் குடம்தான் கணக்கு.

வழக்கமாகக் கஸ்பார் வரும்போது கேன் நிறையக் கிணற்றுத் தண்ணீர் தயாராக இருக்கும். அவருக்கு முட்டிவலி தொடங்கிய வருடம் ஒச்சம்மாளே சொன்ன ஏற்பாடு அது. நீங்க எதுக்கண்ணே அம்புட்டு முள்ளுக்குள்ள போயி இறங்கணும், நான் இறைச்சு வைக்கிறேன், ஆழமும் கயிறு விட்டுப் பாத்துச் சொல்றேன் என்றார். விதிப்படி மாதிரியை அவர் கையால்தான் எடுக்க வேண்டும். விதி போட்டவனுக்கு முட்டி வலித்ததா? அது மட்டுமா, கேனை வாங்கிச் சீட்டு ஒட்டி முடிக்கும்போது சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வந்துவிடும். எதிரே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்று சொல்ல அவருக்கு வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் ஆள் இருந்தது. உள்ளதைச் சொன்னால், கிணற்றுக்குப் போகாமல் இருந்ததற்கு முட்டி பாதிக் காரணம், சோறு பாதிக் காரணம்.

இன்றைக்கு அவசரம். சரி, கடைசித் தடவை நாமே போய்ப் பார்ப்போம் என்று கயிறும் பாத்திரமும் கேனும் எடுத்துக்கொண்டு சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைந்தார். வண்டிப்பாதை இருந்த தடமே இல்லை. ஒன்பது வருடமாகத் தண்ணீர் இறைக்கப் போகிற வழி என்றால் ஒற்றையடிப் பாதையாவது விழுந்திருக்க வேண்டாமா? சட்டை இரண்டு இடத்தில் கிழிந்த பிறகு கிணறு தெரிந்தது.

முதலில் வந்தது நாற்றம். எட்டிப் பார்த்தார். சுக்குக் காப்பி நிறத்தில் தண்ணீர், ஓரத்தில் மஞ்சள் நுரை. பாத்திரத்தை இறக்கி இறைத்து, கையளவு மீட்டரை அதில் முக்கினார். உப்பு ஐந்நூறுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர், இரண்டாயிரத்தைத் தாண்டினால் குடிக்க ஆகாது. மீட்டர் ஏழாயிரத்து நூற்று நாற்பது என்றது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, பையிலிருந்த சோதனைத் திரவத்தில் சரிபார்த்துவிட்டு மறுபடி முக்கினார். ஏழாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.

கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கேனை நிரப்பிக்கொண்டு, நொண்டியபடி வீட்டுக்குத் திரும்பி, பந்தலடியில் முதல் குடத்தின் தட்டை எடுத்து மீட்டரை விட்டார். முந்நூற்று எண்பது. பதிவேட்டைத் திறந்து தை மாத அளவைப் பார்த்தார். முந்நூற்று எண்பத்து மூன்று. அதற்கு முந்தையது முந்நூற்று எழுபத்தொன்பது. ஒன்பது வருடமும் அப்படியே. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். கேட்டவர் மட்டுமா, அதை எழுதிக் கையெழுத்தும் போட்டவர் அவர். லாரித் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீர் என்று அனுப்பி அனுப்பி, அந்த லாரியையே நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்.

கோபம் முதலில் ஒச்சம்மாள் மேல்தான் வந்தது. என்ன குறை வைத்தேன் இந்தப் பொம்பிளைக்கு, கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்தேனே, என்று பொருமிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வெயில் பந்தலைத் தாண்டிக் காலில் ஏறியபோது இடுப்பில் பூமடித் துணியோடு ஒச்சம்மாள் வந்தார். கிழிந்த சட்டையையும், கேனில் இருந்த காப்பி நிறத் தண்ணீரையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வெள்ளிக்கெழமைன்னு சொன்னீகளேண்ணே," என்றார் கடைசியில்.

"ஏன் ஒச்சம்மா இப்பிடிச் செஞ்ச?"

அவர் பூமடியை அவிழ்த்து உதறி, மடித்து, குடத்தின் மேல் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார். "நீங்க வாசிச்சீகளேண்ணே. அன்னைக்கு. ஒங்களுக்கு மறந்திருக்கும்."

கஸ்பாருக்கு மறக்கவில்லை, ஆனால் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. கருப்புசாமி செத்து நாலு மாதம். துக்கம் விசாரித்துவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம், என்னதான் எழுதியிருக்கு எங்க கிணத்தைப் பத்தி என்று ஒச்சம்மாள் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி ஆசையாகக் கேட்கிறாளே என்று பதிவேட்டைத் திறந்து, ஏலம் போடுகிறவர் மாதிரி உரக்க வாசித்தார். கருப்புசாமி. குடிக்க உதவாது. பாசனத்துக்கு உதவாது. எதற்கும் உதவாது.

"மூணு வருசம் அண்ணே. வெடிகாரன் ஒருத்தனை வச்சிக்கிட்டு அவுகளே கடப்பாரை போட்டு வெட்டுன கெணறு. தண்ணி வந்தன்னிக்கு ஊரே கூடிக் குடிச்சுச்சு. எங்கிட்டோ இருந்து கழிவு வந்து விழுந்ததுக்கு அவுக என்ன செய்வாக? செத்த மனுசன் பேரைச் சொல்லி உதவாது உதவாதுன்னு நீங்க வாசிச்சீக. கவருமெண்டு புத்தகத்துல அது கெடக்கும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா யாராச்சும் வாசிப்பாகன்னு நெனச்சா எனக்கு ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. நல்ல தண்ணியக் குடுத்தா நல்ல பேரு எழுதுவீகன்னுதான் குடுத்தேன். எட்டுக் கொடத்துல ஒங்க கேனுக்குன்னு எடுத்து வச்சிட்டு, மிச்சத்த வச்சுத்தான் நான் பொழங்குனேன்."

கஸ்பாரின் கோபம் போன இடம் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் கட்டுரை எழுதிய அதிசயத்துக்கு அடியில் இருந்தது இவ்வளவுதான். அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல். அதை அந்தப் பெண் பிள்ளை ஒன்பது வருடம் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாள், சோறு போட்டுக்கொண்டே சுமந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார்.

பிறகு லாரி விஷயத்தைச் சொன்னார். இன்று நல்ல அளவு போனால் ஊருக்கு லாரி நிற்கும் என்றதும் ஒச்சம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு குடத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலாங்களத்தில் நூற்றிருபது வீடு. எல்லா வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான் உலைக்கும் வாய்க்கும்.

அந்த நேரம் பார்த்துச் சிவபிரகாஷ் போன் வந்தது. பதினேழு என்ன சார் ஆச்சு, இரண்டு மணிக்குள் போட்டுவிடுவீர்களா என்று கேட்டார். அரை மணியில் தருகிறேன் என்று சொல்லி வைத்தார் கஸ்பார். அந்த அரை மணியில் அவருக்கு வராத எண்ணமில்லை. இன்று மட்டும் கெட்ட அளவை எழுதிவிட்டால்? ஒன்பது வருடம் இளநீர், திடீரென்று சாக்கடை, மீட்டர் கோளாறு என்று தள்ளிவிட்டுப் பழைய அளவுகளை வைத்தே லாரியை நிறுத்துவார்கள். ஒன்பது வருடமும் பொய் என்று எழுதினால்தான் லாரி ஓடும். எழுதினால் அவருக்கு மெமோ வரும், விசாரணை வரும், பென்ஷன் எப்போது வரும் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். பைபிளுக்குள் இருக்கிற அச்சுத்தாளை என்ன செய்வது? பேசாமல் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போய்விட்டால், முப்பத்தொன்றாம் தேதி மாலை போட்டு வழியனுப்புவார்கள். யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இன்னும் ஒரு பிடி சோறு போட்டால் போதும்.

அவர் பதிவேட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்த்து ஒச்சம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"நெசத்தையே எழுதுங்கண்ணே. ஊருக்குத் தண்ணி வேணும். ஆனா ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவுக பேரை எடுத்துட்டு எம் பேரைப் போடுங்க. ஒச்சம்மா கெணறுன்னு எழுதி, உதவாதுங்கிறத எம் பேருக்கு நேரா எழுதுங்க. நான் உசுரோட இருக்கேன், தாங்கிக்கிருவேன்."

பட்டா கருப்புசாமி பெயரில் இருக்கிறது, பெயரை மாற்ற நமக்கு அதிகாரமில்லை என்று சொல்ல வாயெடுத்தார் கஸ்பார். ஒன்பது வருடம் அதிகாரத்தோடா எழுதினோம் என்று தோன்றியது. பேனாவை எடுத்தார்.

கருப்புசாமி என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே ஒச்சம்மாள் என்று எழுதினார். இன்றைய அளவை, ஏழாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு என்று, இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினார். குறிப்பு எழுதும் கட்டத்தில் இடம் போதவில்லை, பக்கத்தின் அடியில் விட்டிருந்த வெற்றிடத்தில் இறங்கி எழுதினார். எழுதி முடிக்க நேரமாயிற்று. முடித்ததும் போனில் படம் பிடித்துச் சிவபிரகாஷுக்கு அனுப்பினார், மனசு மாறுவதற்குள்.

"வாசிங்கண்ணே," என்றார் ஒச்சம்மாள்.

அவர் வாசித்தார். இந்தத் தடவை மெதுவாக.

"ஒச்சம்மாள் கிணறு. தண்ணீர் வெளியிலிருந்து வந்த கழிவால் கெட்டிருக்கிறது. ஒன்பது வருடமாக இந்தக் கிணற்றில் மாதிரி எடுக்கவில்லை. எடுத்ததாக எழுதியது நான். அந்த அளவுகள் குடிநீர் லாரியின் அளவுகள். அவை எதற்கும் உதவாது. கஸ்பார்."

"உதவாதுங்கிறது ஒங்க பேருகிட்டல்ல இருக்கு," என்றார் ஒச்சம்மாள்.

"அங்கதான் இருக்கணும்மா."

போன் அடிக்கத் தொடங்கியது. சிவபிரகாஷ். நின்றது, மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. கேனை மூடிச் சீட்டு ஒட்டினார். சோறு இன்னும் பொங்கவில்லை, செத்த நேரம் இருங்க என்று ஒச்சம்மாள் சொல்ல, இன்னொரு நாள் என்றார். இன்னொரு நாள் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இனிமேல் வேற ஆளு வருவாரா என்று கேட்டார் ஒச்சம்மாள். வருவார், அவர் கையில் கேனைக் கொடுக்காதே, கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார் கஸ்பார். முள்ளை வெட்டிப் பாதை போட்டு வைப்பதாக ஒச்சம்மாள் சொன்னார். காராச்சேவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

வண்டியை எடுக்கும்போதுதான் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார். காலி. அக்னி வெயிலில் முள்ளுக்குள் அலைந்ததில் எப்போது குடித்துத் தீர்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒச்சம்மாள் அதைக் கவனித்தார். உள்ளே போய் ஒரு செம்பை விளக்கிக் கொண்டுவந்து, குடத்தில் முகந்து, நீட்டலாமா வேண்டாமா என்பது போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுத் தண்ணி ஒரு நாளும் குடிச்சதில்ல நீங்க," என்றார். "லாரித் தண்ணிதான்."

கஸ்பார் வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கி, செம்பை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் குடும்மா என்றார்.